கண்ணை இமைக்கவும்

நூறு சதவீதம். ஜில்லாவிலேயே எங்கள் மையம் ஒன்றுதான். போன ஜூலையிலிருந்து இந்த ஜனவரி முடிய, ஏழு மாதம், ஒரு பிள்ளைகூட விட்டுப்போகாமல் நூறு சதவீதம் வருகை. அதைச் சொல்லத்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறேன். பதினெட்டு மையத்திலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். "அரசியம்மா, நீங்க எப்படிப் பண்ணீங்கன்னு எல்லாருக்கும் ஒரு பத்து நிமிஷம் சொல்லிடுங்க" என்று சூப்பர்வைசர் சார் போன் போட்டுச் சொல்லிவிட்டார். எனக்கு நாலு பேர் முன்னால் நின்று பேசிப் பழக்கம் கிடையாது. அதனால்தான் உங்களிடம் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் டவுன் வரைக்கும்தானே? நல்லது. இந்த பஸ் போய்ச்சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அந்த ஜன்னலை இழுக்காதீர்கள் தங்கச்சி, அது அவ்வளவுதான் வரும்.

எங்கள் மையம் என்பது ஆட்டிசம் உள்ள சின்னப் பிள்ளைகளுக்கானது. மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரைக்கும். பள்ளிக்கூடத்துக்கு முந்திய பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரஸ்ட் நடத்துகிறது, கவர்மெண்ட் மானியம் தருகிறது. கட்டடம் பழைய ரேஷன் கடை. மழை பெய்தால் இன்னும் புழுங்கலரிசி வாசனை வரும். எஸ்தர் டீச்சர்தான் ஸ்பெஷல் டீச்சர், அதற்கென்றே படித்தவர். நான் உதவியாளர். உதவியாளர் என்றால் கழுவிவிடுவது, ஊட்டிவிடுவது, ஓடுகிற பிள்ளையைப் பிடிப்பது, கடிக்கிற பிள்ளையிடம் கடி வாங்குவது. இதோ, இது கடிதான். பழசு. அப்புறம் வேன் ஓட்டுகிற ராசமாணிக்கம். மூன்று பேர், இருபது பிள்ளைகள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் இருபது நாள் வருகை இருந்தால்தான் அந்தப் பிள்ளைக்கு மானியம். தொடர்ந்து இரண்டு மாதம் குறைந்தால் பெயரை எடுத்துவிட்டு, காத்திருக்கிற பட்டியலில் இருந்து அடுத்த பிள்ளையைச் சேர்த்துவிடுவார்கள். பட்டியலில் பதினோரு பேர் இருக்கிறார்கள். தப்பில்லை, அவர்களும் பிள்ளைகள்தானே. முன்பெல்லாம் ரிஜிஸ்டர், ஒரு டிக் போட்டால் முடிந்தது. எங்கோ வராத பிள்ளைக்கெல்லாம் டிக் போட்டிருக்கிறார்கள். அதனால் போன ஜூனில் போனில் ஒரு ஆப் கொடுத்துவிட்டார்கள். பிள்ளையின் முகத்துக்கு நேரே போனைப் பிடிக்க வேண்டும். பச்சை வட்டத்துக்குள் முகம் வர வேண்டும். பிள்ளை நேராகப் பார்க்க வேண்டும். பார்த்ததும் "கண்ணை இமைக்கவும்" என்று எழுத்து வரும். இமைத்தால் டிங் என்று ஒரு சத்தம், வருகை பதிந்துவிடும். போட்டோவைக் காட்டி ஏமாற்றக்கூடாது பாருங்கள், அதற்குத்தான் இமை.

எஸ்தர் டீச்சர் அந்தச் சுற்றறிக்கையைப் படித்துவிட்டுச் சிரித்தார். "கண்ணப் பாக்காத புள்ளைன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்தாத்தான் இங்க சேர்க்கலாம். சேர்ந்தப்புறம் கண்ணப் பாத்தாத்தான் மானியம். நல்லாருக்குல்ல அரசி?" சிரித்துவிட்டு அப்படியே மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

ஜூனில் பாதிப் பிள்ளைகளுக்குப் பதியவில்லை. பத்து நாள், எட்டு நாள். ஒருவன் போனைப் பிடுங்கி எறிந்தான், கண்ணாடி கீறியது. அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து யோசித்தேன். படித்தவர்கள் யோசிப்பது வேறு மாதிரி. நமக்குத் தெரிந்தது, எந்தப் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்பது ஒன்றுதான். ஒருத்திக்குக் குக்கர் விசில் சத்தம். அதை ரெக்கார்ட் பண்ணி இன்னொரு போனில் வைத்து, ஆப் இருக்கிற போனுக்குப் பின்னால் பிடித்தேன். பார்த்தாள், இமைத்தாள், டிங். ஒருவனுக்கு வேன் ரிவர்ஸ் எடுக்கிற பாட்டு. ஒருவனுக்கு முறுக்குப் பொட்டலம் கசங்குகிற சத்தம். இரட்டைப் பிள்ளைகள் இருவர், அவர்களுக்குச் சத்தமே ஆகாது, டார்ச் அடித்தால் போதும். இப்படிப் பத்தொன்பது பிள்ளைக்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். பத்தொன்பது.

லோகித்துக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

அவனுக்கு அப்போது நாலரை வயசு. அப்பன் செல்வகணபதி கம்பி கட்டுகிற வேலை. அம்மா நாகஜோதி குவைத்தில் வீட்டு வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். பிள்ளைக்கு மூன்று வயசு ஆகும்போது போனவள். திருச்சியில் பெரிய இடத்தில் பயிற்சி கொடுக்கலாம் என்று அதற்குப் பணம் சேர்க்கத்தான் போனாள். லோகித் அழ மாட்டான், கடிக்க மாட்டான், ஓட மாட்டான். பாயில் உட்கார்ந்து பெரிய மரமணிகளை நூலில் கோத்துக்கொண்டே இருப்பான். முடிந்ததும் உருவிவிட்டு மறுபடி கோப்பான். விசிலுக்கும் பார்க்கவில்லை, டார்ச்சுக்கும் பார்க்கவில்லை. ஜூனில் அவனுக்கு மூன்றே நாள். சூப்பர்வைசர் சார் சொல்லிவிட்டார்: "இந்த மாசமும் இப்படின்னா எடுத்துருவாங்கம்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

எடுத்துவிட்டால் எங்கே போவான்? அப்பன் வேலை செய்கிற இடத்தில் ஒரு தடவை மணல் குவியலில் உட்கார வைத்திருந்தானாம், மத்தியானம் வரை அசையாமல் வெயிலில் உட்கார்ந்திருக்கிறான். அதைச் சொல்லும்போது செல்வகணபதி கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்தான் நாகஜோதிக்குப் போன் பண்ணினேன். "ஏண்டி, உன் புள்ள எதுக்காவது திரும்பிப் பாத்திருக்கானா?" என்று கேட்டேன். சொன்னாள். இறால் கம்பெனியில் இறால் உரிக்கப் போய்க்கொண்டிருந்தபோது சாயங்காலம் வந்து, வெளிக்குழாயில் கையைக் கழுவிவிட்டு, வாசலில் நின்று ஒன்று சொல்வாளாம். அதற்கு மட்டும் வருவானாம். வந்து தாழ்ப்பாளை எடுப்பானாம். வேறு எதற்கும் கிடையாது. வீடியோ காலில் தங்கமே, செல்லமே என்று எவ்வளவு கெஞ்சினாலும் பார்க்க மாட்டான், எழுந்து போய்விடுவான்.

"அதையே அப்படியே சொல்லி அனுப்பு" என்றேன்.

அந்த வீட்டில் போன் பேசக்கூடாது போலிருக்கிறது. பாத்ரூமுக்குள் போய்ச் சொல்லி அனுப்பியிருந்தாள். பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். "லோகி, அம்மா வந்துட்டேன், கதவத் தொற." அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போட்டேன். தங்கச்சி, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். நேரே வாசலுக்குப் போனான். நான் வாசலில்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என் முகத்துக்கு நேரே நிமிர்ந்து பார்த்தான். இமைத்தான். டிங். அப்புறம் என்னை விலக்கிவிட்டுத் தாழ்ப்பாளை எடுத்தான். வெளியே ராசமாணிக்கம் வேனைக் கழுவப் பக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தான். லோகித் அவனைப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் பார்த்தான். செருப்புகள் கிடக்கிற இடத்தில் குனிந்து ஒவ்வொரு செருப்பாகப் பார்த்தான். அப்புறம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான்.

"என்னப் பாத்து ஏமாந்து போறான் அரசியக்கா. நம்ம மூஞ்சி அப்படி" என்றான் ராசமாணிக்கம்.

நான் உடனே குவைத்துக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்தான் என்று. அவள் அழுதுகொண்டே பேசி அனுப்பியிருந்தாள். பார்த்தானா அக்கா, நிஜமா பார்த்தானா என்று அதையே திருப்பித் திருப்பி. அதற்குப் பிறகு தினமும் பத்து மணிக்கு ஒரு செய்தி வந்துவிடும். "பாத்தானா?" நானும் "பாத்தான்" என்று போடுவேன். ஒரு நாள் தவறியதில்லை. குரலைக் கொடுத்தது அவள்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் என்னைக் குறை சொன்னாள். அதற்காகச் சொல்கிறேன்.

வாசலில் ஒரு சிக்கல் இருந்தது. வெளிச்சம் பின்னாலிருந்து அடிக்கும், முகம் கறுப்பாக விழும், ஆப் எடுத்துக்கொள்ளாது. அதனால் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நின்று பிடிக்க ஆரம்பித்தேன். சர்வர் வேலை செய்யாத நாளில் பத்துத் தடவை, பதினைந்து தடவைகூடப் போட வேண்டியிருக்கும். அம்மா வந்துட்டேன், கதவத் தொற. சுற்றிக்கொண்டே இருக்கும். மறுபடி, அம்மா வந்துட்டேன். அவனும் பொறுமையாக வந்து நிற்பான். இந்த வயசில் அவ்வளவு பொறுமை எந்தப் பிள்ளைக்கு வரும்?

ராசமாணிக்கம் வாய் சும்மா இருக்காது. "தெனமும் வந்துட்டேன் வந்துட்டேன்னு சொல்லிட்டு வராம இருந்தா எம் பொண்டாட்டிகூட மதிக்க மாட்டாக்கா" என்றான். "ஒம் பொண்டாட்டி இப்ப மட்டும் மதிக்கிறாளாக்கும், போய் வேன எடு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

முன்னேற்றம் என்றால் அப்படி ஒரு முன்னேற்றம். முதல் மாதம் வாசலுக்கு ஓடுவான், தாழ்ப்பாளை எடுப்பான், செருப்பைத் தேடுவான், திரும்ப உட்கார வைக்கவே அரைமணி நேரம் ஆகும். செப்டம்பரில் தாழ்ப்பாள் வரை மட்டும் போய்த் திரும்பினான். தீபாவளி வாக்கில் எழுந்து நிற்பதோடு சரி. டிசம்பரில் எழுந்திருக்கவே வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் நிமிர்ந்து, அலமாரிப் பக்கம் பார்த்து, ஒரு தடவை நன்றாக இமைத்துவிட்டுக் குனிந்துகொள்வான். ஐந்து வினாடி. கோக்கிற மணி கையை விட்டு விழாது. அரையாண்டு அறிக்கையில் நானே சொல்லி எழுத வைத்தேன்: பெயர் சொல்லி அழைத்தால் பார்க்கிறான், கவனச் சிதறல் குறைந்துள்ளது. எஸ்தர் டீச்சர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். அப்புறம் எழுதினார்.

ஜனவரி கடைசி நாள். வெள்ளிக்கிழமை. அன்றைய வருகை முடிந்துவிட்டது. பத்தரை மணி இருக்கும். வாசலில் கார் வந்து நின்றது. நாகஜோதி. திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்திருக்கிறாள். ஒப்பந்தம் முடிந்து ஒரு மாத லீவு, திரும்பவும் அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும். கார் மேலே கயிறு கட்டின பெட்டி, பக்கத்தில் செல்வகணபதி. கொஞ்சம் கறுத்திருந்தாள், கழுத்தெலும்பு தெரிந்தது. நான் வெளியே ஓடினேன். உஷ் என்று வாயில் விரலை வைத்தாள். "நான் பாத்துக்கறேன்க்கா. நீங்க உள்ள போய்க் கதவச் சாத்துங்க" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

நான் உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டேன். வெளியே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. கையைக் கழுவுகிறாள். அப்புறம் குழாய் நின்றது.

"லோகி, அம்மா வந்துட்டேன், கதவத் தொற."

லோகித் நிமிர்ந்தான். வாசல் பக்கம் இல்லை. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே. அங்கே யாரும் இல்லை, நான்தான் இந்தப் பக்கம் நிற்கிறேனே. அந்த வெற்றிடத்தைப் பார்த்து ஒரு தடவை இமைத்தான். முழுசாக, நிதானமாக. குனிந்து மணியைக் கோத்தான்.

மறுபடி கூப்பிட்டாள். மறுபடி நிமிர்ந்தான், இமைத்தான், குனிந்தான்.

சர்வர் வேலை செய்யாத நாள் என்று நினைத்துக்கொண்டான் போல. அவள் ஆறோ ஏழோ தடவை கூப்பிட்டிருப்பாள். ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி செய்தான். ஒன்றுகூடத் தவறவில்லை. "ஜோதி, பாக்கறாண்டி, ஒவ்வொரு தடவையும் பாக்கறான்" என்று உள்ளிருந்து சத்தம் போட்டேன். எஸ்தர் டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்தினார். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் கூப்பிடவில்லை. நான் போய்க் கதவைத் திறந்தேன். செருப்புகளுக்கு மேலேயே உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

"எத்தன தடவக்கா போட்டீங்க?"

எனக்கு மறைக்கிற பழக்கம் இல்லை. மனசுக்குள் கூட்டிப் பார்த்துச் சொன்னேன். "நாள் கணக்குக்கு நூத்தம்பது வரும். சர்வர் இல்லாத நாளையும் சேத்தா நானூறு, ஐநூறு."

"அத்தன தடவையும் நான் வரல" என்றாள்.

நீ எப்படி வர முடியும், நீ குவைத்தில் இருக்கிறாய் என்றேன். அதைத்தானே சொல்ல முடியும்? உன் பிள்ளை பெயர் பட்டியலில் இருக்கிறதென்றால் அதனால்தான் என்றும் சொன்னேன். அவள் கையை நீட்டினாள். "அழிச்சிருங்க. என் கண்ணு முன்னாடி." அழித்தேன். அவள் போனிலிருந்தும் அழித்தாள். செல்வகணபதிக்கும் அது போயிருந்தது, அவன் போனையும் வாங்கி அழித்தாள். அவன் பெட்டிக் கயிற்றை இறுக்கிக்கொண்டே நின்றான். எஸ்தர் டீச்சர் அன்றைக்குப் பூராவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஏதாவது தோன்ற வேண்டும் என்று நினைத்திருப்பார் போல. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாயைக் கழுவ வேண்டியிருந்தது, கழுவினேன்.

பிப்ரவரி முழுக்கத் தினமும் வந்தாள். வந்து அவன் பக்கத்தில் பாயில் உட்காருவாள். வாயைத் திறக்க மாட்டாள். ஒரு சொல்? ஊகூம். மணிகளை எடுத்து அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைப்பாள், அவ்வளவுதான். பேசாத பிள்ளைக்குப் பேசாத தாய், பொருத்தம்தான் என்று ராசமாணிக்கம்கூடச் சொன்னான். ஒரு வாரம் கழித்து அவள் வைக்கிற மணியை எடுத்துக் கோக்க ஆரம்பித்தான். அப்புறம் ஒரு நாள் தன் காலைத் தூக்கி அவள் மடியில் போட்டுக்கொண்டான். அதெல்லாம் நடக்கும். ஆனால் வருகை? பிப்ரவரியில் அவனுக்கு நாலு நாள்தான் பதிந்தது. அதுவும் தற்செயலாக, ஃபேனைப் பார்க்கும்போது எடுத்தது.

ஒரு நாள் நடந்ததை உங்களிடம் சொல்கிறேன், கூட்டத்தில் சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவள் போவதற்கு நாலு நாள் முன்னால். மத்தியானம். அவன் பக்கத்தில் வைத்த மணி தீர்ந்துவிட்டது. அவள் இன்னொன்று எடுத்து வைக்கவில்லை, மறந்து எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் காத்திருந்தான். அப்புறம் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். கையைக் கொண்டுபோய் அவள் கழுத்தெலும்பைத் தொட்டான். நான் சும்மா இருப்பேனா? அன்றைக்கு அவனுக்கு இன்னும் பதியவில்லை. போனை எடுத்துக்கொண்டு அவள் தோளுக்கு மேலாக நீட்டினேன். பச்சை வட்டத்துக்குள் முகம் அழகாக வந்துவிட்டது. கண்ணை இமைக்கவும் என்கிறது. அவன் இமைக்கவில்லை. கண்ணை இமைக்கவும், கண்ணை இமைக்கவும். பார்த்தபடியே இருக்கிறான். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது, மூடவில்லை. நேரம் முடிந்தது என்று சிவப்பாக வந்து ஆப் மூடிக்கொண்டது.

பதியவில்லை. அவ்வளவு நேரம் பார்த்தும் பதியவில்லை. யாரிடம் சொல்வது?

ஜோதி திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். போன் மேல் கையை வைத்து மெதுவாகக் கீழே இறக்கினாள். அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஃப்ளைட். அதற்கு முந்தின நாள் நான் வீட்டுக்கே போனேன். புதுசாக ஏதாவது ஒன்று பேசிக் கொடுத்துவிட்டுப் போ, வந்துட்டேன் என்று சொல்லப் பிடிக்கவில்லையென்றால் வேறு எதையாவது சொல் என்றேன். தலையை ஆட்டினாள், முடியாது என்று. "ஏண்டி, எடம் போயிருமே" என்றேன். "அவன் பாத்துட்டான்க்கா. அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றாள். பிள்ளையிடம் போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் காரில் ஏறிவிட்டாளாம். செல்வகணபதி சொன்னான். பிள்ளையின் உள்ளங்கையை எடுத்துத் தன் கழுத்தில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாளாம். என்ன பிடிவாதம் பாருங்கள். பெற்றவளுக்கு இல்லாத அக்கறை எனக்கு மட்டும் எதற்கு என்று விட்டுவிடலாம். என் பெண்ணும் திருப்பூரில்தான் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பேசுவாள், பேசினால் பேசுவாள். நான் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். அது வேறு கதை.

மார்ச்சில் மொத்தம் இருபத்திமூன்று வேலை நாள். இன்றோடு மூன்று போய்விட்டது. நாளையிலிருந்து ஒரு நாள் விடாமல் பதிந்தால் சரியாக இருபது வரும். ஒரு நாள் குறைந்தாலும் லோகித் பெயர் போய்விடும். மறுபடி மணல் குவியல்தான். ஃபேனை நம்பி இருபது நாள் ஓட்ட முடியாது. என் குரலில் சொல்லிப் பார்த்தேன், திரும்பவில்லை. எஸ்தர் டீச்சர் சொல்லவே மாட்டேன் என்றுவிட்டார்.

அதோ மேம்பாலம் வந்துவிட்டது. இன்னும் பத்து நிமிஷம்.

தங்கச்சி, தப்பாக நினைக்க வேண்டாம். உங்களுக்கும் அவளை மாதிரியே கொஞ்சம் அடித்தொண்டைக் குரல். வயசும் ஏறத்தாழ அதுதான் இருக்கும். ஒரே ஒரு வரி. சிக்னலில் பஸ் நிற்கும், அப்போது சத்தம் அடங்கும். பின்னால் தண்ணீர் சத்தம் இல்லாவிட்டால் பரவாயில்லை, அதற்கு நான் மையத்தில் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்கிறேன். வேலை விட்டு வீட்டுக்கு வந்து நிற்கிற மாதிரி, கொஞ்சம் சந்தோஷமாகச் சொன்னால் போதும்.

நின்றுவிட்டது. பட்டனை அழுத்திவிட்டேன்.

ம், சொல்லுங்கள்.